ஏழாம் கட்டிலில் கட்டிய சிவப்புத் துணி

நான் செய்தவற்றை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கப் போவதில்லை என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கள்ளிக்குப்பத்தில் மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு ஓடும் குடிசையில் இருந்தவன், அதே இடத்தில் தளம் போட்ட வீடு எழுப்பினேன். அஸ்திவாரம் தோண்டியது இந்தக் கை. இரண்டு பெண்களை நர்ஸ் படிக்க வைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் என் இடது கையில் இரண்டு விரல்களைப் பாதியோடு எடுத்துக்கொண்டபோது, ‘இனிமே இவன் எதுக்கும் ஆக மாட்டான்’ என்று சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், பின்னால் ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டுமென்றால் என் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். ஆவடி போகும் ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவனாகச் சேர்ந்து, முதியோர் வார்டு அட்டெண்டராகி, அங்கேயே நரைத்தேன். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் ஒன்றுகூட அங்கே இல்லாத நாளில், எஸ்டேட்டில் கழித்துப் போட்ட இரும்பைத் தூக்கி வந்து வெல்டிங் வைத்து, கட்டிலுக்குக் கட்டில் முட்டுக் கொடுத்தவன் நான். அந்த வார்டில் கிழவர்களின் வாயைத் திறந்து பார்க்கிற வழக்கத்தை உண்டாக்கியவனும் நான்தான்.

கடைசியாகச் சொன்னதுதான் விஷயம்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற அட்டெண்டர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரியில் ஏதோ மலர் போடுகிறீர்களாம். “பெரியவரே, உங்க அனுபவத்தைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க” என்று ஆளனுப்பினீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் ஸ்டாக் இல்லை. கோபம் இருக்கிறது, நிறைய. அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

வார்டு வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். உதடு, நாக்கு, ஈறு, பல், எச்சில் என்று வரிசையாகப் படம் போட்டு, சரியாக இருந்தால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், கெட்டிருந்தால் சிவப்பு என்று கட்டம் பிரித்திருக்கும். அடியில் கொட்டை எழுத்தில் ஒரு டாக்டர் பெயர். அதற்கும் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால்தான் தெரியும்: ‘கடைநிலை ஊழியர் ஒருவரின் பழக்கத்திலிருந்து ஒழுங்குபடுத்தப்பட்டது.’

ஒருவர். அந்த ஒருவர் நான்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். என் பெருமையைப் பேசும் உரிமை எனக்கு அந்தத் தப்பிலிருந்துதான் வந்தது. நான் வார்டுக்கு வந்த புதுசு. பத்தாம் கட்டிலில் பூந்தமல்லித் தையல்காரர் ஒருவர். சத்தம் போடாத மனுஷன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டு வைப்பேன், அரைமணி கழித்து எடுப்பேன். தட்டு வைத்தபடியே இருக்கும். வாளியில் கொட்டிவிட்டுப் போவேன். பெரிய சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பார்: “பத்து சாப்பிட்டாரா?” நானும் இந்தக் கோடியிலிருந்து, “சாப்ட்டாரு சிஸ்டர்!” என்பேன். தட்டு காலிதானே, பொய்யா சொன்னேன்! இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் காலையில் அவர் இல்லை.

நெஞ்சு நின்றுவிட்டது என்று எழுதினார்கள். அதுவேதான் காரணமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் உடம்பைத் துடைத்துக் கட்டும்போது பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார். கன்னத்தை ஸ்பூன் காம்பால் ஒதுக்கிக் காட்டினார். உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று, தகரம் வெட்டிய விளிம்பு மாதிரி நின்றது. அது உரசி உரசி நாக்கின் ஓரத்தில் பட்டாணி அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது.

“இந்த வாயோட ஒரு பிடி சோத்தை மெல்ல முடியுமா கன்னியப்பன்?”

நான் டார்ச்சை அணைத்தேன்.

“சாப்பிட்டார்னு நீங்க சொன்னீங்க. நான் போய்ப் பார்க்காம எழுதினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சிருக்கோம்.”

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். வேலையை விட்டுத் துரத்தியிருக்கலாம். பாதிப் பழியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. “வயசானவங்ககிட்ட வாய் வலிக்குதான்னு கேட்காதீங்க. இல்லன்னுதான் சொல்வாங்க. எதைத் தின்னா குத்துதுன்னு கேளுங்க. அதுக்குத்தான் பதில் வரும்.” எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் இது இல்லை.

இனி ஏழாம் கட்டில்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஆள். அவருக்கு வரதன் என்று பேர் வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பேர் அது இல்லை, ஏன் என்று பின்னால் புரியும். ஏர் பிடித்து வளர்ந்த உடம்பு, கட்டுமஸ்தான கிழவர். நெஞ்சுச் சளி முற்றி வந்து படுத்தார். ஊசி போட்டுச் சளி இறங்கியது, காய்ச்சல் விட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை, குளுக்கோஸில்தான் நாள் ஓடியது. ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். பேச்சும் நின்றுபோனது. ஒன்பதாம் நாள் பெரிய டாக்டர் மகனைக் கூப்பிட்டு, “மருந்து இனிமே கேட்காது. மனசு விட்டுட்டார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். வீட்டுக்கு என்றால் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

வாயைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். தெர்மாமீட்டர் வைக்க உதடு கொஞ்சம் விலகும்போது நர்ஸ் பார்த்தாள், ஒருதரம் டாக்டரும் எட்டிப் பார்த்தார். நாக்கு வெள்ளையாக இருந்தது. மருமகள் தினமும் காலையில் தெருக்கோடி அம்மன் கோயில் விபூதியைக் கொண்டுவந்து, மாமனார் நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகையை உதட்டுக்குள் தள்ளிவிட்டுப் போவாள். எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே. ஆகவே வெள்ளையைப் பார்த்த அத்தனை பேரும் விபூதி என்றார்கள். நானும்தான் முதல் நாள் அப்படியே நினைத்தேன். சாமி பிரசாதத்தை யார் சந்தேகப்படுவது?

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. அந்த மனுஷன் இருமும்போது கை நடுங்க நடுங்கத் தூக்கி வாயை மறைத்தார். அதுவும் மருமகள் பக்கத்தில் நின்றால் இன்னும் அவசரமாக மறைப்பார். உயிரை விடத் தீர்மானித்தவனுக்கு வாயை மறைக்கிற வேலை எதற்கு? நாலு புத்தகம் படித்தவர்களுக்குத் தோன்றாதது, பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு பீஸையும் கட்டைவிரலால் தடவித் தடவி விளிம்பு பார்த்த எனக்குத் தோன்றியது. இதற்குப் படிப்பு வேண்டாம், பார்க்கிற கண் வேண்டும். இப்போது கையுறை போட்டுக்கொண்டு வாசற்படியிலிருந்தே ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

காலை பதினோரு மணி இருக்கும். வெளியே வேன் வந்து நின்றுவிட்டது. மகன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். சட்டையில் ஆயில் கறை போகாமல் இருந்தது. மருமகள் சொம்பில் பால் கொண்டுவந்திருந்தாள்.

“வழியிலயே ஏதாவது ஆயிட்டா இன்னா பண்றது? இங்கியே ஒரு வாய் ஊத்திடலாம்” என்றாள்.

மகன் ஸ்பூனை வாங்கிக்கொண்டான். “நைனா, வாயத் தெற நைனா. ஊட்டுக்குப் போலாம்.”

கிழவர் உதட்டைப் பூட்டிக்கொண்டார். மல்லாந்து படுத்திருக்கிற ஆளுக்குப் பாலை ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குப் போகும். அப்புறம் டாக்டர் சொன்னது உண்மையாகிவிடும். என்ன செய்வது? அட்டெண்டர் சொன்னால் யார் கேட்பார்கள்? ஜன்னல் துடைக்கிற பழைய சிவப்புத் திரைத்துணி என் தோளில் கிடந்தது. ஓரத்தைக் கிழித்து, ஏழாம் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். “இன்னாத்துக்கு அண்ணாத்தே சேப்புத் துணி?”

“நீ கீற கம்பெனில சேப்பு பெயிண்ட் அடிச்ச பீஸு அடுத்த மேஜைக்குப் போவுமா?”

“போவாது.”

“யாரு அத்தத் தொடைக்கணும்?”

“அடிச்சவன்தான். சரியாப் பாத்துட்டு.”

“இத நான் அடிச்சிக்கீறேன். நான் பாக்காம உங்க நைனா இந்தக் கட்டில உட்டுப் போவ மாட்டாரு.”

அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்பூனைச் சொம்புக்குள் போட்டுவிட்டான். மருமகள்தான் எகிறினாள்: “டாக்டரே கைய உட்டுட்டாரு, நீ இன்னா பெரிய இவனா?” மகன் அவளை அதட்டினான்: “சேப்புன்னா சேப்புதான், சும்மா கெட.”

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் வந்துவிட்டார். “யார் இதைக் கட்டினது? அவிழ்.”

“பாக்காம அவுக்கக் கூடாது சார்.”

“உனக்கு என்ன தெரியும்? தரை துடைக்க வந்தவன்!”

“அதான் சார் தெரியும். கீழ இன்னா விழுந்துச்சு, இன்னா விழலன்னு எனக்குத்தான் தெரியும். இவரு ஒம்போது நாளா ஒரு பருக்கை துப்பல. துப்புறதுக்கு வாயத் தெறந்தாத்தானே?”

வேலை போனால் கள்ளிக்குப்பத்தில் பாதி எழுந்த சுவர் அப்படியே நிற்கும். அப்போது பெரிய சிஸ்டர் வந்து என் பக்கத்தில் நின்றார். “பத்து நிமிஷம் டாக்டர். வேன் எங்கேயும் போயிடாது” என்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வெளியே போனார். சரி என்று அர்த்தம்.

நான் முதலில் செய்தது டார்ச்சை எடுத்ததல்ல. வீட்டாரை வெளியே அனுப்பினேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தேன். பிள்ளைகளே, இந்தக் கதையில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்று இருக்கிறதென்றால் அது அந்தத் திரைதான். பலகையில் அதுவும் இல்லை.

காதோரம் குனிந்தேன். “பெரியவரே, மேல பல்லு செட்டு போட்டுக்கினு கீறியா?”

கண்ணை மூடிக்கொண்டார். காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. “மருமவளுக்குத் தெரியாது.”

“தெரிய வாணாம். நான் சொல்ல மாட்டேன்.”

“அவளப் பொண்ணு பாக்கப் போறப்ப கட்டுனது. சொந்தப் பல்லுன்னு சொல்லிக்கினு கீறேன்.” ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். வீட்டில் இருந்தவரை விடியலில் ஏரிக்கரைக்குப் போவார். யாரும் பார்க்காமல் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு வருவார். ஆஸ்பத்திரியில் ஏரி ஏது? ஒன்பது நாளாகக் கழற்றவே இல்லை. வாய் வெந்துபோய், திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்று பட்டினி கிடந்தே போய்விடலாம் என்றிருந்தார். மானத்துக்குப் பயந்தார் ஐயா, சாவுக்கு இல்லை.

என் இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். “இத்தப் பாரு. ஊரே பாக்குது. நான் மறைக்கிறனா? இந்தக் கைய உள்ள உட்டு எடுக்கப் போறேன். கடிச்சிடாத.”

கிழவர் பாதி விரல்களைப் பார்த்தார். “கடிக்கிறதுக்கு இன்னா மிச்சம் வெச்சிக்கினு கீற நீ?” என்றார்.

அப்போதே எனக்குத் தெரியும், இந்த ஆள் பிழைப்பார் என்று.

உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஓரமெல்லாம் ஊறவைத்தேன். மெதுவாக அசைத்தேன். செட்டு ஒட்டியிருந்த இடத்திலிருந்து விட்டு வந்தது. நாற்றத்தில் எனக்கே தலை சுற்றியது. மேலண்ணம் தோல் உரித்த மாதிரி சிவந்து கிடந்தது. அதன் மேலும், நாக்கின் மேலும், கன்னத்து உள்பக்கமும் வெள்ளை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். விபூதியென்றால் தண்ணீரில் கரைந்து ஓடும். இது தயிர்த் திப்பி மாதிரி உரிந்து வந்தது, அடியில் ரத்தம் கசிந்தது.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் டார்ச்சடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இது பூஞ்சை. விபூதின்னு நினைச்சேன்” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிட்டேன். தப்பை ஒப்புக்கொண்ட டாக்டர்கள் என் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

வேன் காலியாகத் திரும்பிப் போனது. ஊதா மருந்தை வாய் முழுக்கத் தடவினோம். தலைமாட்டை உயர்த்தி வைத்து (நான் செய்த முட்டு அன்றைக்குத்தான் முழுசாக வேலை செய்தது) சொட்டுச் சொட்டாகக் கஞ்சி கொடுத்தோம். செட்டைக் கழுவி, மூடி போட்ட டப்பாவில் போட்டு என் அலமாரியில் பூட்டி வைத்தேன். “வாயில் மருந்து இருக்கு, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, திறக்கவே கூடாது” என்று பெரிய சிஸ்டர் வீட்டாரிடம் முகம் மாறாமல் ஒரு பொய் சொன்னார். மூன்றாம் நாள் கிழவர் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ் குடித்தார். வீட்டுக்குப் போகிற அன்று செட்டை மாட்டிக்கொண்டு, நடந்தே போனார். உதட்டில் ஊதா இன்னும் போகவில்லை. “இன்னா மாமா, நாவப்பழம் துன்னுட்டு வந்த மாரி கீறீங்க” என்று மருமகள் சிரித்தாள். கிழவரும் பல் தெரியச் சிரித்தார். எனக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டார்.

அன்றிலிருந்து அந்த வார்டில் ஒரு சட்டம். புதுசாக யார் படுத்தாலும் முதல் நாளே வாயைப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் தலைமாட்டில் சிவப்புத் துணி. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் பார்த்த பிறகு. செட்டு இருந்தால் டப்பா, டப்பாவின் மேல் நம்பர் இல்லை, பேர். நாள் ஒன்றுக்கு ஒருதரம், திரைக்குள்ளே, கழற்றிக் கழுவி வைப்பது. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் சின்ன டாக்டர் வந்தார். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லவில்லை. துணியைப் பார்த்தார், ஒரு மாதம் என் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு சுற்றினார். “இது எப்படி ஆரம்பிச்சது கன்னியப்பன்?” என்று கேட்டார். சொல்லியிருந்தால் கதையோடு என் பேரும் போயிருக்கும். ஆனால் கதையைச் சொன்னால் செட்டைச் சொல்ல வேண்டும். அயனம்பாக்கம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? நாலே நாளில் மருமகள் காதுக்குப் போய்விடும். “கம்பெனிப் பழக்கம் சார், சும்மா கட்டினேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கு மஞ்சளும் பச்சையும் சேர்த்தார், படம் போட்டார், வெளியூர்க் கூட்டத்தில் போய்ப் பேசினார், கைதட்டு வாங்கினார். பலகை மாட்டிய விழாவில் நான் நாற்காலி போட்டேன்.

அடுத்த நாள் போய்க் கேட்டேன். “என் பேர் இல்லியே சார்?”

“பேரெல்லாம் எதுக்கு கன்னியப்பன்? எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதானே.”

“அப்ப உங்க பேரு எதுக்கு சார்?”

அவர் ரவுண்ட்ஸுக்கு எழுந்து போனார்.

அதற்கு அப்புறம் சில வருஷம் கழித்து வரதனின் மகன் வார்டுக்கு வந்தான். மொட்டை போட்டிருந்தான். “நைனா போய்ட்டாரு அண்ணாத்தே. ஊட்லதான், தூக்கத்துல. குளிப்பாட்டும்போது பாத்தோம், மேல் பல்லு பூரா செட்டு. உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்த சொல்லலியே?”

“சொல்ல மாட்டேன்னு உங்க நைனா கிட்ட சொல்லியிருந்தேன்.”

அவன் என் மொண்டிக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

நான் கொடுத்த வாக்கு அன்றைக்கு முடிந்தது. ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்ற என் பேரை விட்டுக் கொடுத்தேன். அதை யாரோ எடுத்து மாட்டிக்கொள்வதற்காக விட்டுக் கொடுக்கவில்லை. செட்டு டப்பாவில்கூடக் கட்டில் நம்பர் போடாமல் பேர் எழுதி வைத்தவன் நான். என்னை ‘ஒருவர்’ என்று எழுதுகிறீர்கள்.

ஆகவே மலரில் போட நாலு நல்ல வார்த்தை கேட்ட உங்களுக்கு என் பதில் இது. பலகையில் ‘கடைநிலை ஊழியர் ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு, ‘மு. கன்னியப்பன், வார்டு அட்டெண்டர், கள்ளிக்குப்பம்’ என்று எழுதுங்கள். டாக்டர் பேர் எந்த அளவோ அந்த அளவு. பெயிண்டும் பிரஷும் நானே கொண்டுவருகிறேன். பக்கத்தில் பெரிய சிஸ்டர் பேரும் வர வேண்டும். அவர் அன்றைக்கு என் பக்கத்தில் நின்றார்.

முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள், போதும். மறுநாள் காலை பஸ் பிடித்து வருவேன். அந்தப் பலகையின் தலைமாட்டு ஆணியில் ஒரு சிவப்புத் துணி கட்டுவேன். அதற்கு அர்த்தம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பதும் தெரியும்.